அம்மண ஊரும் ஒரு கோவணமும்

வாசகர் ஒருவரின் கூற்று:

"பொது இடத்தில் ஆடையின்றி நிற்க வெட்கப்படுவது மனிதருக்கு இயற்கை. சில நாட்டவர் பழகிப் பழகி அந்த உணர்வை மரத்துப்போகச் செய்துகொண்டார்கள். கடற்கரையிலும் நீராவிக் குளியலிலும் அவர்கள் அம்மணமாக இருப்பதை முன்னேற்றம் என்று கொண்டாடுகிறவர்கள், தம் உடலை ஒருமுறை அப்படி நிறுத்திப் பார்த்துவிட்டுப் பேசட்டும்."

மார்ச் 2

நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஆகவே பேசுகிறேன்.

வேலை நிமித்தம் ஜெர்மனியில் எட்டு மாதம் தங்கியிருந்தபோது, உடன் பணிபுரிந்த ஒருத்தி குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்னைச் சவுனா என்னும் நீராவிக் குளியல் அறைக்கு அழைத்துப் போனாள். நான் நீச்சலுடை அணிந்து, அதன்மேல் துண்டையும் இறுகச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். மரப்படிகளில் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உடலிலும் ஓர் இழை துணி இல்லை. எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் என் தோளில் தெரிந்த நீச்சலுடைப் பட்டையைச் சுட்டிக்காட்டி, சற்றும் கோபமில்லாமல், பாலர் வகுப்பு ஆசிரியை சொல்வதுபோல, அதைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். அது சுத்தமில்லை என்பது அவர் சொன்ன காரணம். அம்மண ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பைத்தியக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த அறையில் வெட்கிக் குறுகி நின்றவள், உடுத்தியிருந்த நான் ஒருத்தி மட்டுமே.

கழற்றினேன். பாதம் உட்பட உடலின் எந்தப் பகுதியும் பலகையில் படாதபடி துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன். வியர்வை மரத்தில் இறங்கக் கூடாது என்பது அங்கே மற்றெல்லா விதிகளையும்விடப் பெரிய விதி. நெஞ்சு படபடத்தது. வெப்பத்தாலா வெட்கத்தாலா என்று பிரித்தறிய முடியவில்லை. சற்று நேரத்தில் பணியாளர் ஒருவர் வந்து, கனன்றுகொண்டிருந்த கற்களில் நீரை ஊற்றி, ஒரு பெரிய துண்டைச் சுழற்றி அந்த நீராவியை எங்கள் முகங்களை நோக்கி வீசினார். அதன் பிறகு எனக்கு மூச்சு மட்டுமே நினைவில் இருந்தது, உடல் மறந்துபோயிற்று.

ஃபின்லாந்தும் ஜெர்மனியும் ஆண், பெண் பேதமின்றி இப்படித்தான் குளிக்கின்றன. வெட்கம் இயற்கையானதாக இருந்தால் பத்து நிமிடத்தில் போயிருக்காது.

மார்ச் 2, இரவு

கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். பசியும் இயற்கைதான், பத்து நிமிடத்தில் போய்விடுகிறது.

மார்ச் 4

வாசகர் சொன்னதற்கு ஆதரவாக நானே ஒரு சாட்சியை முன்வைக்கிறேன், ஏனென்றால் அவர் மறந்துவிட்டார். "உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு." நட்பின் விரைவுக்கு உவமை தேடிய வள்ளுவர், ஆடை நழுவியவுடன் யோசிக்காமல் விரைகின்ற கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கை எல்லோருக்கும் விரையும், கேட்பவர் எவரும் "எனக்கு அப்படி இல்லையே" என்று சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை இல்லாமல் இந்த உவமையைக் கையாள முடியாது. ஆகவே வெட்கம் இயற்கை என்ற கட்சிக்கு அவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

ஆனால் குறளில் வருபவன் உடுக்கையை *இழந்தவன்*. தானே அவிழ்த்து வைத்தவனின் கையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நழுவுவதும் கழற்றுவதும் ஒன்றாகா. சவுனாவில் என் கைகள் எங்கும் விரையவில்லை. மடியில் சும்மா கிடந்தன. அதே மாதத்தில் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் காற்றடித்துப் பாவாடை முழங்காலுக்குச் சற்று மேலே ஏறியபோது, இரண்டு கைகளும் பறந்து போய் அதைப் பிடித்தன. முழங்காலுக்கு அத்தனை அவசரம், முழு உடலுக்கு இல்லை.

மார்ச் 5

ஃபின்லாந்தைப் பற்றி நான் எழுதியது பிழை, சுட்டிக்காட்டியவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஏறத்தாழ 55 லட்சம் மக்களுக்கு 30 லட்சம் சவுனாக்கள் உள்ள நாடு அது. அந்நாட்டுச் சவுனாப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அங்கே குடும்பத்தினர் ஒன்றாக அமர்வார்கள். பொதுச் சவுனாக்களில் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனி. கலந்து அமரும் இடங்களில் நீச்சலுடை அணிவதும் உண்டு. அந்நியரான ஆணும் பெண்ணும் ஒரே படியில் முழு அம்மணமாக அமர்வது ஜெர்மானிய வழக்கம். ஒரே கண்டத்தின் இரு நாடுகள், ஒரே மரப்படி, ஒரே கல், ஒரே நீராவி. இரு நாட்டவரையும் ஒன்றாக்கி மொத்தமாகப் பேசியது நான் செய்த முதல் தவறு. வாசகரும் அதைத்தான் செய்தார்.

துருக்கிய ஹமாமையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் நீராவிதான், அங்கேயும் வியர்வைதான். ஆனால் இடுப்பில் பெஷ்தமால் என்ற துணியைக் கட்டிக்கொள்வார்கள். ஆண்கள் மட்டுமே இருக்கும் கூடத்திலும் அது அவிழாது, ஏனென்றால் தொப்புளிலிருந்து முழங்கால்வரை ஆண் இன்னோர் ஆணிடமிருந்தும் மறைக்க வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்டநூல்களில் பரவலாக உள்ள கருத்து.

மார்ச் 9

அந்த மூதாட்டி சொன்ன "சுத்தமில்லை" என்ற சொல் ஒரு வாரமாக என்னை விடவில்லை. உடலை மூடுவதா திறப்பதா என்று எந்த நாட்டில் கேட்டாலும், கடவுளையோ ஒழுக்கத்தையோ முன்னிறுத்துவதைவிடச் சுகாதாரத்தையே முன்னிறுத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றத் தொடங்கியிருக்கிறது.

ஐஸ்லாந்தின் பொது நீச்சல்குளங்களில் குளோரினைக் குறைவாகச் சேர்க்கிறார்கள். ஆகவே குளத்தில் இறங்குமுன் நீச்சலுடையைக் கழற்றிவிட்டு, முழு அம்மணமாக, சோப்புப் போட்டுக் குளித்தே ஆகவேண்டும். குளியலறைச் சுவரில் மனித உருவம் வரைந்த ஒரு பலகை இருக்கும். தலை, அக்குள், இடுப்புக்கீழ், பாதம் ஆகிய இடங்கள் அதில் தனி நிறத்தில் காட்டப்பட்டிருக்கும். யாராவது நனைந்த நீச்சலுடையோடு ஏமாற்றிவிட்டு நழுவுகிறார்களா என்று கவனிக்கக் காவலரும் உண்டு. அதே சுகாதாரத்தின் பெயரால் பிரான்சின் நகராட்சிக் குளங்களில் ஆண்கள் தொளதொளப்பான அரைக்காற்சட்டையோடு இறங்க முடியாது. உடலோடு ஒட்டிய சிறிய சல்லடம்தான் வேண்டும், ஏனென்றால் தொளதொளப்பானதைத் தெருவிலும் அணிந்து வந்திருக்கலாம். ஜப்பானியக் குளியலில் அம்மணம் கட்டாயம்; கையில் இருக்கும் சிறு துண்டு மட்டும் நீரில் படக் கூடாது, அதை மடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள்.

இவற்றுள் எனக்கு மிகவும் வியப்பளித்தது அமெரிக்கா. இன்று உடலைப் பொதுவில் காட்டுவதில் மிகவும் கூச்சப்படும் நாடுகளில் ஒன்றாக அதைச் சொல்கிறோம். ஆனால் 1926இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம், உட்புற நீச்சல்குளங்களில் ஆண்கள் ஆடையின்றி நீந்துவதைப் பரிந்துரைத்தது. கம்பளி நீச்சலுடையின் இழைகள் வடிகட்டிகளை அடைத்தன என்பதும், ஈரத்துணி கிருமிகளைக் குளத்தில் சேர்த்தது என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். அந்தப் பரிந்துரை 1962வரை நீடித்தது. ஒய்.எம்.சி.ஏ. குளங்களிலும் பல உயர்நிலைப் பள்ளிகளிலும் ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட ஆண்பிள்ளைகள் வரிசையாக அம்மணமாக நின்று நீச்சல் கற்றார்கள். பெண்பிள்ளைகள் நீச்சலுடையில் கற்றார்கள். அந்தப் பையன்கள் எல்லோரும் வெட்கமில்லாமல் இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வெட்கப்பட்டவர்கள் வெட்கப்பட்டார்கள், ஆனால் அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் நைலான் துணியும் சிறந்த குளோரின் முறையும் வந்தபோது சுகாதாரக் காரணம் விழுந்துவிட்டது. அது விழுந்தபின் வழக்கத்துக்கும் முட்டுக்கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

சுகாதாரம் பொய் என்று நான் சொல்லவில்லை. வியர்வையில் ஊறிய செயற்கைத்துணி அந்த வெப்பத்தில் எப்படி நாறும் என்பதை மூக்கால் அறிந்தவள் நான். ஆனால் ஒரு விதி சுகாதாரத்தின் வாயால் பேசும்போது அதை எதிர்த்து வாதாட முடியாமல் போகிறது. "எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்பதற்கு எதிராக "அது அழுக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால், கூச்சமே அழுக்காகிவிடுகிறது.

மார்ச் 10

"சல்லடம்" என்று எழுதியதற்கு இருவர் சிரித்திருக்கிறார்கள். ஜட்டி என்று எழுதியிருந்தாலும் சிரித்திருப்பீர்கள். உள்ளாடைக்கு வெட்கமில்லாத சொல் எதுவும் நம்மிடம் இல்லை என்பதே இந்த விவாதத்துக்குப் போதுமான சான்று.

மார்ச் 15

ஜப்பானைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒருமுறை போயிருக்கிறேன், மலையடிவார ஊர் ஒன்றின் வெந்நீர் ஊற்று, ஒன்சென், பெண்களுக்குரிய பகுதி. அதைப் பற்றி எழுதுமுன், ஜெர்மனிக் கதையில் நான் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பதினான்கு வயதிலிருந்து இடத் தொடையிலும் இடுப்பிலும் வெண்புள்ளிகள் உண்டு. உள்ளங்கை அகலத்தில் தொடங்கியவை இப்போது கிட்டத்தட்ட ஒரு நாட்டு வரைபடம்போலப் பரவியிருக்கின்றன. தொற்றாது, வலிக்காது, எதுவும் செய்யாது. ஜெர்மனிக்குப் போகும்வரை அவற்றைக் கணவரையும் மருத்துவரையும் தவிர எவரும் பார்த்ததில்லை. ஆகவே ஆடையைக் கழற்றுவது என்பது என்னைப் பொறுத்தவரை இரண்டு முறை கழற்றுவது.

ஒன்செனில் முதலில் தாழ்வான ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு முன்னால், நெடுநேரம் தேய்த்துக் குளிக்க வேண்டும். எனக்கு இரண்டு இடம் தள்ளி ஒரு தாயும் நான்கைந்து வயதுச் சிறுமியும் இருந்தார்கள். சிறுமி தலையில் நுரையோடு திரும்பி என் தொடையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தாய் எதுவும் பேசவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு விரல்களால் குழந்தையின் முகவாயைத் தொட்டு, கண்ணாடிப் பக்கம் மெல்லத் திருப்பிவிட்டாள். பிறகு அதே கையால் நுரையைக் கழுவத் தொடங்கினாள். மொத்தமும் இரண்டு நொடி இருக்கும்.

வெட்கத்தைப் பற்றி நான் வாசித்த எதுவும் அந்த இரண்டு விரல்கள் சொன்ன அளவுக்குச் சொல்லவில்லை. அங்கே குழந்தைக்குக் கற்பிக்கப்படுவது, உடலை எப்படி மறைப்பது என்பதன்று. கண்ணை எங்கே வைப்பது என்பது. பிரெஞ்சுக் கடற்கரைகளில் மேலாடையில்லாத பெண்களைப் பற்றி 1990களில் ஆய்வுசெய்த சமூகவியலாளர் ழான் குளோத் கவுஃப்மன், அங்கே எழுதப்படாத ஒரு பார்வை ஒழுங்கு இருப்பதைக் காட்டினார். பார்வை வழுக்கிச் செல்லலாம், தங்கக் கூடாது. சவுனாவிலும் அதைத்தான் கண்டேன். எல்லோரும் எல்லோரையும் காண்கிறார்கள், ஆனால் எவரும் எவரையும் பார்ப்பதில்லை. காண்பதும் பார்ப்பதும் வேறு வேறு என்று பிரித்துச் சொல்ல நம் மொழியில் இடமிருக்கிறது, நடைமுறையில்தான் பழகவில்லை.

இந்த ஒழுங்கு இல்லாத இடத்திலிருந்து வருகிறவருக்கு அந்த அம்மணம் ஆபாசமாகத் தெரிவதில் வியப்பில்லை. 1854இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியோடு ஜப்பானின் ஷிமோடா துறைமுகத்தில் இறங்கியவர்கள், ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிக்கும் பொதுக் குளியல் இல்லத்தைக் கண்டு திகைத்தார்கள். உடன் சென்ற ஓவியர் வில்ஹெல்ம் ஹைனெ அதை வரைந்தார். 1856இல் வெளியான பயண அறிக்கையில் அந்த ஓவியம் இடம்பெற்றது. ஜப்பானியர் கண்ட கண்ணும் அமெரிக்கர் பார்த்த கண்ணும் ஒரே கூடத்தில் மோதிக்கொண்டன. மேலைநாட்டாரின் ஏளனத்துக்கு அஞ்சிய அன்றைய ஜப்பானிய அரசான மெய்ஜி அரசு, 1872இல் டோக்கியோவில் பொதுவெளி அம்மணத்தையும் கலப்புக் குளியலையும் தண்டனைக்குரியதாக்கியது. அதற்கு முன்பு ஜப்பானில் அதில் எவருக்கும் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஏளனம் ஒன்று இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. மல்யுத்தத்தில் இடைத்துணி கட்டிக்கொள்வது இன்னமும் ஆசியாவின் அயலார் வழக்கம் என்றும், முதலில் களைந்துவிட்டு எண்ணெய் பூசி இறங்கியவர்கள் ஸ்பார்ட்டர்கள் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் குறித்திருக்கிறார். கிரேக்கருக்குக் கட்டியவன் அநாகரிகன்; பெர்ரியின் மாலுமிகளுக்குக் கட்டாதவன் அநாகரிகன்.

மார்ச் 16

"அதற்கு முன்பு எந்தச் சிக்கலும் இருக்கவில்லை" என்று நேற்று எழுதியது தவறு. 1791இலேயே எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஷோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சி கலப்புக் குளியலைத் தடைசெய்திருக்கிறது; தடை நிலைக்கவில்லை. உள்ளூரிலும் அதை விரும்பாதவர்கள் இருந்தார்கள் என்றுதான் பொருள். எல்லாக் கூச்சத்தையும் வெளிநாட்டுக் கப்பலில் ஏற்றி இறக்கிவிடுவது வசதியான கதை. அதனால்தான் என் கையும் அந்தக் கதையை எழுதியது.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். அத்தனை பெருந்தன்மையான அந்தக் கண்கள் பச்சை குத்திய உடலைப் பொறுப்பதில்லை. குற்றக் கும்பல்களை நினைவூட்டுவதால் பல குளியல் இல்லங்கள் அதைத் தடைசெய்திருக்கின்றன. 2013இல் நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரிப் பெண் ஒருவர், தம் மரபுப்படி முகத்தில் இட்டிருந்த பச்சைக்காக ஹொக்கைடோவில் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய மக்களிடையே மதிப்பின் அடையாளம் அது. அம்மணம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் தோல் அனுமதிக்கப்படவில்லை.

மார்ச் 22

"திறந்திருப்பதே விடுதலை என்று சொல்ல வருகிறீர்களா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. அப்படி நான் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே தோள்சீலைப் போராட்டத்தை நினைவில் வைத்திருக்கிறேன்.

திருவிதாங்கூரில் மார்பை மூடுவதும் மூடாமலிருப்பதும் வெட்கத்தின் கணக்கில் வரவில்லை. படிநிலையின் கணக்கில் வந்தன. உயர்ந்தவர் முன்னால் தாழ்ந்தவர் மேலாடையின்றி நிற்பது பணிவின் அடையாளம். இன்று நாடார் எனப்படும் சாணார் சாதிப் பெண்கள் தோள்சீலை அணியத் தொடங்கியபோது அது அத்துமீறலாகப் பார்க்கப்பட்டது. தெருவிலும் சந்தையிலும் அவர்கள் துணி பறிக்கப்பட்டது, கிழிக்கப்பட்டது. 1829 அரச அறிவிப்பு அந்த உரிமையை மறுத்தது. பல்லாண்டுக் கலகங்களுக்குப் பின், 1859 ஜூலை 26ஆம் நாள் அறிவிப்பு மார்பை மூடிக்கொள்ள அனுமதித்தது. அந்த அனுமதியிலும் ஒரு முள் இருந்தது: உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது.

இந்தப் பெண்களிடம் போய், திறந்த மார்பு இயல்பானது, வெட்கம் ஒரு கற்பிதம், ஜெர்மானியரைப் பாருங்கள் என்று சொல்வதற்கு யாருக்கு நா எழும்? அவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பெற்றது ஒரு முழம் துணி. என்னைக் கழற்றச் சொன்ன மூதாட்டியையும், அவர்கள் சீலையைப் பறித்த கையையும் ஒரு தட்டில் வைக்க முடியாது. நான் எழுந்து வெளியே போயிருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது.

முதல் நாள் நான் எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். பழமொழியைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கோவணம் கட்டியவனைப் பைத்தியக்காரன் என்று தீர்மானித்த ஊர் எது, அவன் அங்கிருந்து வெளியேற வழியிருந்ததா என்று பழமொழி சொல்வதில்லை.

மார்ச் 23

நேற்றையதன் தொடர்ச்சி, சுருக்கமாக. 2016 கோடையில் பிரான்சின் கடற்கரை நகராட்சிகள் சில, உடல் முழுவதையும் மூடும் புர்கினி நீச்சலுடையைத் தடைசெய்தன. வில்நவ் லூபே என்ற ஊரின் தடையை அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மேலாடையில்லாத பெண்களுக்குப் புகழ்பெற்ற கடற்கரை நாட்டில், மேலாடை மிகுந்துவிட்டதற்காகப் பெண்களை வெளியேறச் சொன்னார்கள். பெர்லினிலோ, 2022 டிசம்பரில் மேலாடையில்லாமல் நீந்தியதற்காகக் குளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பெண் ஒருவர் முறையிட்டார். அடுத்த மார்ச்சில், ஆண்களுக்கு உள்ள விதியே பெண்களுக்கும் என்று நகரக் குளங்களில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆம், அதே ஜெர்மனியில்தான். சவுனாவில் அணிந்தால் குற்றம். சுவருக்கு அந்தப் பக்கம் குளத்தில் அணியாவிட்டால் குற்றமாக இருந்தது. இடையில் இருந்தது ஒரு கண்ணாடிக் கதவு.

மார்ச் 30

இதுவரை வெட்கத்தைப் பற்றியே பேசிவிட்டோம். உடல்பிம்பம், அதாவது தன் உடலைத் தானே மதிப்பிடும் முறை, ஓரமாக நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அம்மணமாக நிற்கக் கூசாதவர்களும் தம் வயிற்றை வெறுக்கலாம். முழுக்க மூடிக்கொண்டு, தம் உடலைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பவர்களும் உண்டு.

ஃபிஜியில் பருத்து வலுவான உடலே அழகு, நலம், நல்ல கவனிப்பின் அடையாளம் என்று கருதப்பட்டு வந்தது. நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அது வந்த சில வாரங்களிலும், பின்னர் 1998இலும் பள்ளி மாணவியரை ஆய்வுசெய்த ஆன் பெக்கர், உண்ணும் பழக்கம் குலைந்ததற்கான அறிகுறி உடையவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்ததைக் கண்டார். எடையைக் குறைப்பதற்காக வாந்தியெடுப்பவர் முதல் ஆய்வில் ஒருவரும் இல்லை, இரண்டாவதில் 11.3 விழுக்காடு. ஒவ்வொரு முறையும் அறுபது எழுபது மாணவியர் மட்டுமே ஆய்வில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும் மூன்றே ஆண்டுகள்.  யாரோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்வது என்பது மாறியது.

எதிர்ப்பக்கமும் ஓர் ஆய்வு உண்டு. பிரிட்டனில் கியோன் வெஸ்ட் என்ற உளவியலாளர் 849 பேரிடம் கேட்டறிந்தபோது, பிறரோடு ஆடையின்றிப் பொழுது கழிக்கும் பழக்கமுள்ளவர்கள் தம் உடலைக் குறித்து அதிக நிறைவு கொண்டிருந்தார்கள். தொடர்ந்து அவர் செய்த சிறிய ஆய்வுகளில், அத்தகைய நிகழ்வில் கலந்துகொண்டவர்களின் உடல்பிம்பம் முன்பைவிடப் பின்பு மேம்பட்டிருந்தது. இதைப் படித்தபோது தலையை ஆட்டினேன், ஏனென்றால் சவுனாவில் நானும் அதை உணர்ந்தேன். விளம்பரங்களில் வராத உடல்களை அங்கேதான் கண்டேன்: ஒரு மார்பு அகற்றப்பட்ட பெண், முதுகெலும்பு நெடுக வடு ஓடிய கிழவர், பிரசவக் கோடுகள், தொங்கும் சதை, வெவ்வேறு உயரத்தில் இரண்டு தோள்கள். என் நாட்டு வரைபடம் அங்கே பத்தோடு பதினொன்று.

இருந்தாலும் இரண்டு தடைகள். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் தாமாக விரும்பிப் போகிறவர்கள். போகக் கூசுகிறவர்களின் கணக்கு அதில் வராது. இரண்டாவது, ஜெர்மானிய அம்மண இயக்கத்தின் வரலாறே. 1898இல் எஸ்ஸனில் முதல் சங்கம் தோன்றியதிலிருந்து அதில் பல கிளைகள்: தொழிலாளர் குழந்தைகளுக்கு வெயிலும் காற்றும் தேடிய சமதர்மக் கிளை ஒன்று, வலுவான, வடுவற்ற, "தூய" இனத்தின் உடலைக் காட்சிக்கு வைக்க விரும்பிய கிளை இன்னொன்று. நாஜிகள் 1933 மார்ச்சில் அம்மண இயக்கத்தை ஒடுக்க ஆணையிட்டார்கள். பிறகு அதில் தமக்கு உகந்த கிளையைத் தம் அமைப்புக்குள் சேர்த்துக்கொண்டார்கள். 1942இல் பிறர் கண்ணில் படாத இடத்தில் அம்மணக் குளியலை அனுமதிக்கவும் செய்தார்கள். அந்தக் கிளையின் கடற்கரையில் என் தொடைக்கு இடமிருந்திருக்காது. ஆடை விலகினால் அளவுகோலும் விலகிவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. துணி இல்லாத உடலை அளப்பது இன்னும் எளிது.

ஏப்ரல் 6

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. "அம்மணம்" என்ற சொல்லை அகராதி அமணத்தோடு இணைக்கிறது. ஆடை துறந்த சமணத் துறவியரின் பெயர் ஆடையின்மைக்கே பெயராகிவிட்டது. அவர்கள் தம்மைத் திகம்பரர் என்று சொல்லிக்கொண்டார்கள், திசைகளையே உடுத்தவர். "நிர்வாணம்" வீடுபேற்றையும் குறிக்கிறது, வெற்றுடம்பையும் குறிக்கிறது. ஒருவர் உச்சரிக்க, எதிரே இருப்பவர் கைகூப்புவதா முகம் திருப்புவதா என்று தெரியாமல் திணறக்கூடிய சொல் அது. சிரவணபெளகொளாவில் 57 அடி உயர கோமதேசுவரர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆடையின்றி நிற்கிறார். அவர் காலடியில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து மலர் இடுகிறார்கள், எவர் பார்வையும் தடுமாறுவதில்லை. ஆக, தங்காத கண் நம்மிடம் இல்லை என்று மார்ச் 15இல் நான் எழுதியதும் முழு உண்மையன்று. சிலைக்கும் துறவிக்கும் அதை வைத்திருக்கிறோம்.

ஏப்ரல் 14

முதலில் கேட்ட வாசகர் திரும்பி வந்திருக்கிறார். "அப்படியானால் இப்போது உங்களுக்கு வெட்கம் போய்விட்டதா?" என்கிறார்.

போகவில்லை. ஊர் திரும்பிய அன்றைக்கே, வீட்டில் ஆளில்லாதபோதும், அறைக் கதவைத் தாழிட்டுத்தான் உடை மாற்றினேன். அங்கே கிடைத்தது அந்த அறையின் சொத்து. எடுத்து வர முடியவில்லை. எல்லோர் கண்ணும் ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாட்டுக்குள் இருந்தவரை என் உடல் இலேசாக இருந்தது. அந்த ஏற்பாடு இல்லாத தெருவில் நான் மட்டும் துணிச்சலாக இருந்து ஆவதென்ன?

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தத் தாயின் இரண்டு விரல்களைப் பற்றி மிக உயர்வாக எழுதிவிட்டேன். பார்வைக்கு ஒழுங்கு கற்பித்தாள் என்றேன். அப்போது கூடத்தில் இன்னும் எட்டுப் பத்துப் பெண்கள் இருந்தார்கள். சிறுமி அவர்களையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தாய் அவள் முகத்தைத் திருப்பியது என்னைப் பார்த்தபோது மட்டும். மரியாதையா, அருவருப்பா, தொற்றிக்கொள்ளும் என்ற அச்சமா? அன்றைக்கு நன்றியாக இருந்தது. இப்போது அந்த விரல்களை நினைக்கும்போதெல்லாம் பொருள் மாறி மாறி வருகிறது.

ஏப்ரல் 15

அருவருப்பாக இருந்திருந்தால் எழுந்து வேறு இடம் போயிருப்பாள் என்று ஒருவர் ஆறுதல் சொல்கிறார். போகவில்லைதான். கடைசிவரை இரண்டு இடம் தள்ளியே இருந்தாள். பிறகு மூவரும் ஒரே நீரில்தான் இறங்கினோம்.

ஏப்ரல் 20

மார்ச் 4ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம் பாக்கியிருக்கிறது. சவுனாவில் என் கைகள் எங்கும் விரையவில்லை, மடியில் சும்மா கிடந்தன என்று எழுதியிருந்தேன். என்னை அழைத்துப் போன தோழியோடு நேற்றுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்சு வந்தது. அன்று எனக்குக் காலில் வலியா என்று அவள் கேட்டாள். ஏன் என்றேன். உள்ளே இருந்த நேரம் முழுவதும் நான் இடது உள்ளங்கையை விரித்து இடத் தொடைமேல் அழுத்திப் பிடித்திருந்தேனாம். மார்பையோ மடியையோ மறைக்கவில்லை, தொடையைத்தான்.

நான் மறுக்கப் பார்த்தேன். அவள் அதை நடித்தே சொன்னாள்: நீராவி வீசியபோது எல்லோரும் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்களாம், நான் மட்டும் ஒரு கையால் மூடினேனாம்.